அக்காவோட பரு ஜெல்ல தம்பிக்கு போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். என் பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. முகத்துல பரு ஜாஸ்தியா இருந்துச்சுன்னு போன வருஷம் ஸ்கின் டாக்டர்ட்ட காட்டினோம், கிளிண்டாமைசின் ஜெல் எழுதிக் கொடுத்தாங்க, நல்லா கேட்டுச்சு. அப்புறம் டாக்டர்ட்ட போகவே இல்ல, தீரத் தீர மெடிக்கல்ல பழைய டியூப காட்டி வாங்கிக்கிறோம். இந்த தடவை அந்த கம்பெனி ஸ்டாக் இல்ல, இதுவும் அதே மருந்துதான்மான்னு சொல்லி வேற ஒண்ணு கொடுத்தாரு, அத போட்டதுல இருந்து முகம் சிவந்து எரியுது. இதுக்கு நடுவுல சின்னவனுக்கு மூக்குக்கு பக்கத்துல சீழ் கொப்புளம் வந்து, உடைஞ்சு, தேன் கலர்ல பொருக்கு கட்டுது. அக்காவோட பழைய ஜெல் பாதி இருக்கு, அத இவனுக்கு போடலாமா? புது டியூப கடையில திருப்பி கொடுக்க முடியுமா?

பதில்: முதல்ல சின்னவன் விஷயம், ஏன்னா அது காத்திருக்காது. அந்த ஜெல்ல அவனுக்கு போடாதீங்க. நீங்க சொல்ற மாதிரி தேன் கலர் பொருக்கு பொதுவா பசங்களுக்கு வர்ற பாக்டீரியா தொற்றா இருக்கும், நேர்ல பார்த்து உறுதி பண்ண வேண்டியது டாக்டர்தான். பருவுக்கு கொடுக்கிற கிளிண்டாமைசின் ஜெல் அதுக்கான மருந்து இல்ல. பொதுவா இதுக்கு மியூபிரோசின் 2% ஆயின்ட்மென்ட், இல்லன்னா ஃபியூசிடிக் ஆசிட் க்ரீம் எழுதுவாங்க, நிறைய இடத்துல பரவியிருந்தா உள்ளுக்கு மருந்தும் கொடுப்பாங்க. மியூபிரோசின்னா வழக்கமா ஒரு நாளைக்கு 3 வேளை, 5 நாள், அதிகபட்சம் 10 நாள், அவ்வளவுதான். போட ஆரம்பிச்சு 3-லிருந்து 5 நாளைக்குள்ள குறையலன்னா அதையே இன்னும் நிறைய அப்பக்கூடாது, திரும்ப டாக்டர்ட்ட போகணும். காய்ச்சல் இருந்தாலோ, சுத்தி சிவப்பு பரவினாலோ, கண்ணுகிட்ட வீங்கினாலோ அன்னைக்கே போங்க. இது தொட்டா ஒட்டுற நோய், அதனால அவனுக்கு தனி துண்டு, தனி தலகாணி உறை, நகத்தை ஒட்ட வெட்டி விடுங்க, மருந்து போடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நீங்க கை கழுவிக்கோங்க.

இப்போ பொண்ணோட புது டியூப். அட்டைப்பெட்டியில பெருசா இருக்கிற கம்பெனி பேர விடுங்க, கீழ பொடி எழுத்துல காம்போசிஷன்னு, உள்ள என்னென்ன மருந்து எவ்வளவு இருக்குன்னு சொல்ற ஒரு பகுதி இருக்கும், அத வெளிச்சத்துல வச்சு படிங்க. பழையதுல கிளிண்டாமைசின் 1% மட்டும் இருந்து புதுசுல அதோட அடாபலீனோ பென்சாயில் பெராக்சைடோ (ரெண்டும் பருவுக்கான வேற மருந்துகள்) சேர்ந்திருந்தா அது அதே மருந்து இல்ல. நம்ம ஊர்ல ஒரே பேர்லயே பின்னாடி ஒரு எழுத்தோ பிளஸ்ஸோ சேர்த்து வேற வேற கலவை விக்கிறாங்க, கடை அவசரத்துல அந்த ஒரு எழுத்து யார் கண்ணுக்கும் படாது. அடாபலீன் ஆரம்ப வாரங்கள்ல சிவப்பும் தோல் உரியறதும் கொடுக்கிற மருந்துதான், அதனாலதான் அத ராத்திரி மட்டும், கொஞ்சமா போட சொல்லுவாங்க, பகல்ல வெயில்லருந்து முகத்தை காப்பாத்திக்கணும், கர்ப்பமா இருக்கிறவங்க போடக்கூடாது. இதெல்லாம் யாரும் சொல்லாம காலையிலயும் ராத்திரியும் பழைய ஜெல் மாதிரியே போட்டா எரியத்தான் செய்யும். இப்போதைக்கு நிறுத்திட்டு, டியூபையும் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கிட்டு டாக்டர்ட்ட போங்க.

காம்போசிஷன்ல குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் மாதிரி பேர் ஏதாச்சும் இருக்கான்னும் பாருங்க. அதெல்லாம் ஸ்டீராய்டு. முகத்துல போட்டா முதல்ல பளிச்சுன்னு தெரியும், நாள்பட தோல் மெலிஞ்சு, சிவந்து, பரு முன்னவிட அதிகமாகி, முடி கூட வளரும். ரொம்ப நாள் போட்டிருந்தா திடீர்னு நிறுத்தறதும் கஷ்டம், டாக்டர் சொல்ற மாதிரிதான் நிறுத்தணும்.

நீங்க கேட்காத ஒண்ணு, ஆனா எனக்கு இதுதான் பெரிய கவலை. ஒரு வருஷமா டாக்டர பாக்காம அதே ஆன்டிபயாட்டிக் ஜெல்ல வாங்கிப் போட்டுட்டு இருக்கீங்க. இத இப்படி தொடர்ந்து போட்டா தோல்ல இருக்கிற கிருமிக்கு அந்த மருந்து பழகிடும், அப்புறம் எவ்வளவு போட்டாலும் கேக்காது. அதனாலதான் ஸ்கின் டாக்டர்கள் கிளிண்டாமைசின தனியா கொடுக்காம பென்சாயில் பெராக்சைடோட சேர்த்து கொடுக்கப் பாப்பாங்க, சுமார் 3 மாசத்துல மறுபடி பார்த்து ஆன்டிபயாட்டிக்க நிறுத்திட்டு மத்தத தொடர சொல்லுவாங்க. (பென்சாயில் பெராக்சைடு துணியில பட்டா சாயம் போயிடும், வெள்ளை துண்டு வச்சுக்க சொல்லுங்க.) பரு வந்த இடத்துல மட்டும் பொட்டு பொட்டா வைக்கிறதுக்கு பதிலா, முகம் கழுவி ஈரம் காஞ்சதும் பரு வர்ற பகுதி முழுக்க மெல்லிசா தடவணும், நிறைய போட்டா சீக்கிரம் போகும்னு எதுவும் இல்ல. இன்னொண்ணு, கிளிண்டாமைசின வெறும் ஜெல்தானேன்னு நினைக்காதீங்க, ரொம்ப அபூர்வமா இதனால வயித்துப்போக்கு வரலாம். விடாம போனாலோ ரத்தம் கலந்து போனாலோ ஜெல்ல நிறுத்திட்டு டாக்டர்ட்ட ஓடணும். முன்னாடி பெருங்குடல் அழற்சி இருந்தவங்க அத டாக்டர்ட்ட முதல்லயே சொல்லிடணும்.

கடைக்கு வருவோம். டியூப்ல செங்குத்தா ஒரு சிவப்பு கோடு இருக்கான்னு பாருங்க, இருந்தா டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு அர்த்தம். சீட்டுல இருக்கிற மருந்துக்கு பதிலா கடைக்காரர் தானா வேற ஒண்ண மாத்திக் கொடுக்கக்கூடாதுன்னு மருந்து விதிகள்லயே இருக்கு. ஆனா உங்க கேஸ்ல நீங்க சீட்டே காட்டல, அது உங்க பக்கத்தை கொஞ்சம் பலவீனமாக்குது, அத மறைச்சு சொல்ல எனக்கு மனசு வரல. பிரிச்ச டியூப அவர் திருப்பி வாங்கி இன்னொருத்தருக்கு விக்கவும் முடியாது. ஆனாலும் பில் இருந்தா எடுத்துக்கிட்டு போயி, அதே மருந்துன்னு சொல்லித்தானே கொடுத்தீங்கன்னு காம்போசிஷன காட்டி பணத்தை கேளுங்க, நிறைய பேர் கொடுத்துடுவாங்க. முடியாதுன்னா மருந்து கட்டுப்பாட்டுத் துறையில எழுத்துல புகார் கொடுக்கலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் பண்ணலாம். பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி போட்ட பில் இல்லாம இனிமே எந்த மருந்தும் வாங்காதீங்க. செலவுதான் பிரச்சனைன்னா கம்பெனி பேருக்கு பதிலா மருந்தோட பொதுப்பேர எழுதித் தரச்சொல்லி டாக்டர்ட்ட கேளுங்க, மக்கள் மருந்தகத்துல அது கம்மி விலைக்கு கிடைக்குதான்னு பார்க்கலாம்.

கேள்வி: தொடை இடுக்குல படர்தாமரை. மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக், ஃபங்கஸ் மருந்து எல்லாம் கலந்த க்ரீம் கொடுத்தாங்க. போட்டா ரெண்டு நாள்ல அரிப்பு நிக்குது, விட்டா முன்னவிட பெருசா வருது. வேற நல்ல க்ரீம் எதுன்னு சொல்லுங்க.

பதில்: வேற க்ரீம் பேர் சொல்ல மாட்டேன், இந்த டியூப்ல ஸ்டீராய்டு இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, காம்போசிஷன பாருங்க. அரிப்ப அடக்குறது அந்த ஸ்டீராய்டுதான், ஆனா அது தோலோட எதிர்ப்ப குறைக்கிறதால அடியில பூஞ்சை நல்லா பரவும். படர்தாமரை பூஞ்சை, அதுக்கு ஆன்டிபயாட்டிக் வேலையே செய்யாது. 2018-லயே இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்கள சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு மத்திய அரசு சொல்லிட்டாங்க, இன்னும் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறாங்க. ஸ்கின் டாக்டர்ட்ட போங்க, பூஞ்சைக்கான மருந்த சில வாரம் போட வேண்டியிருக்கும், அரிப்பு நின்னதும் நீங்களா நிறுத்திடாதீங்க. வீட்ல வேற யாருக்காச்சும் அரிப்பு இருந்தா அவங்களையும் சேர்த்து கூட்டிட்டு போங்க, இல்லன்னா உங்களுக்கு சரியானாலும் அவங்ககிட்டருந்து திரும்ப ஒட்டிக்கும்.