எமிலி டிக்கின்சன் கவிதையில ஒரு பத்தி காணோமா?

உங்க புக்குல பிரிண்டிங் தப்பு எதுவும் இல்ல. அமெரிக்க கவிஞர் எமிலி டிக்கின்சனோட, மரணம் வண்டியில வந்து கூட்டிட்டு போற அந்த கவிதை ("Because I could not stop for Death") நெட்ல அஞ்சு பத்தி, புக்குல ஆறுன்னு கேட்டிருக்கீங்க, ஆறுதான் அவங்க எழுதுனது.

நெட்ல இருக்கறது பெரும்பாலும் 1890 பதிப்பா இருக்கும். எமிலி 1886ல இறந்த பிறகு மேபல் லூமிஸ் டாட், ஹிக்கின்சன் ரெண்டு பேரும் சேர்ந்து போட்டது, அதுல எமிலி போட்ட டேஷ் (–) குறிகளை எடுத்துட்டு கமா போட்டாங்க, இல்லாத தலைப்ப வச்சாங்க, நாலாவது பத்தியவே தூக்கிட்டாங்க. குளிர்ல மெல்லிசு டிரெஸ்ஸோட நடுங்கற இடம் அது, அது இல்லாம கவிதை ரொம்ப சொகுசா ஆயிடுது, எனக்கு அதுதான் கடுப்பு. 1955ல தாமஸ் ஜான்சன்ங்கற பதிப்பாசிரியர்தான் கையெழுத்துப் பிரதிய பாத்து திருப்பி கொண்டுவந்தார். அந்த பதிப்புக்கு காப்பிரைட் இருக்கறதால ஃப்ரீ சைட்ல பழசே சுத்துது.

செக் பண்ண:
1. "ரதம்"னு அர்த்தம் வர்ற தலைப்பு இருந்தா பழசு.
2. பள்ளிக்கூடம் வர்ற வரியில பசங்க ரிசஸ்ல வட்டமா நின்னா ஒரிஜினல், பாடம் இப்பதான் முடிஞ்சதுன்னு இருந்தா திருத்துனது.
3. கவிதைக்கு 712ன்னு நம்பர் இருந்தா ஜான்சன் பதிப்பு, 479ன்னா 1998ல வந்த ஃபிராங்க்ளின் பதிப்பு.

ஒண்ணு, எல்லா கவிதைக்கும் இப்படி "ஒரிஜினல் இதுதான்"னு சொல்லிட முடியாது. நிறைய கையெழுத்துல அவங்களே ப்ளஸ் குறி போட்டு மாற்று வார்த்தைங்கள கீழ எழுதி வச்சிட்டு, எதையும் அடிக்காம விட்டிருக்காங்க.