வளரும் வெண்பன்றிக்குத் தீவனம்: கேள்வி-பதில்

கே: பன்றிகள் எடை ஏறவில்லை. என்ன தீவனம் போடலாம்? (பாலக்கோடு)

ப: இப்போதைய எடை என்ன, எதைப் போடுகிறீர்கள், நாளைக்கு எத்தனை கிலோ தின்கிறது? மூன்றில் ஒன்றைக்கூட எழுதவில்லை. ஊகத்தில் பதில் சொன்னால் உங்கள் காசுதான் கரையும். தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே: சோயாப் புண்ணாக்கு விலை ஏறிவிட்டதால் அதே அளவு கடலைப் புண்ணாக்கு போடுகிறேன். இரண்டிலும் புரதம் ஒன்றுதானே? குட்டிகள் 30 கிலோ. (காரிமங்கலம்)

ப: 'புரதம் ஒன்றுதானே' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமைதான். மூட்டையில் அச்சிட்ட புரதச் சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்கி எத்தனை பேர் நட்டப்படுகிறீர்கள்! பன்றி கேட்பது புரதத்தைக் கட்டும் செங்கற்களான அமினோ அமிலங்களை. மக்காச்சோளத் தீவனத்தில் அவற்றில் முதலில் பற்றாமல் போவது லைசின்.

கணக்கைப் பாருங்கள். நூறு கிலோவில் 72 மக்காச்சோளம், 25 சோயா, மீதி தாது உப்பும் உப்பும். புரதம் சுமார் 17.5 சதவீதம், லைசின் 0.9. சோயாவை எடுத்துவிட்டு 25 கிலோ கடலைப் புண்ணாக்கு போட்டால் புரதம் அதே 17.5. லைசின் 0.6-ஐக்கூடத் தொடாது. உங்கள் குட்டிக்கு ஒரு சதவீதத்தை ஒட்டி வேண்டும். லைசின் தீர்ந்த இடத்தில் சதை வளர்ச்சி நின்றுவிடும். மிஞ்சிய அமினோ அமிலங்களை உடம்பு சேமித்து வைக்காது, உடைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும் அந்த நெடி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கு. மிஞ்சும் எரிசக்தி முதுகுக் கொழுப்பாகிவிடும்.

லைசின் தூளை மட்டும் கூட்டிச் சரிக்கட்ட முடியாது. அடுத்து த்ரியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் இடிக்கும். லைசின் 100 என்றால் த்ரியோனின் 65, மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 60, டிரிப்டோபான் 18 என்ற விகிதம் வேண்டும். சோயாவில் பாதியை மாற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். டன்னுக்கு மூன்றரைக் கிலோ லைசின், முக்கால் கிலோ த்ரியோனின் சேருங்கள். கடலைப் புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை நெடி அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நெடி இல்லாவிட்டாலும் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கலாம், ஆய்வகச் சோதனைதான் உறுதி.

கே: எண்ணெய் ஊற்றினால் சீக்கிரம் எடை ஏறுமா? (ஊத்தங்கரை)

ப: எரிசக்தி கூடினால் பன்றி தின்பதைக் குறைத்துக்கொள்ளும். கூடவே அதற்குப் போய்ச் சேரும் லைசினும் குறையும். எரிசக்தியை ஏற்றினால் லைசினையும் அதே விகிதத்தில் ஏற்ற வேண்டும். 30 கிலோ குட்டிக்குத் தீவனத்தின் ஆயிரம் கிலோகலோரி எரிசக்திக்கு 3 கிராம் லைசின், 80 கிலோ தாண்டினால் 2 கிராமுக்குச் சற்று மேல். கடைசிவரை ஒரே தீவனம் போடுவதும் வீண் செலவுதான்.

கே: ஜவ்வரிசி ஆலைத் திப்பி மலிவாகக் கிடைக்கிறது. மக்காச்சோளத்துக்குப் பதில் போடலாமா? (அரூர்)

ப: திப்பி என்பது மரவள்ளியில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை. நன்றாகக் காய்ந்ததைத் தீவனத்தில் 15 சதவீதம் வரை போடலாம். அதில் மாவுச்சத்து உண்டு, புரதம் இரண்டு சதவீதம் இருந்தாலே அதிகம். பத்துக் கிலோ மக்காச்சோளத்தை எடுத்தால் எட்டரைக் கிலோ திப்பியும் ஒன்றரைக் கிலோ சோயாவும் வையுங்கள். திப்பியை மட்டும் கொட்டுகிறவர்கள்தான் பிறகு 'வயிறு பெருக்கிறது, தொடையில் சதை பிடிக்கவில்லை' என்று எழுதுகிறார்கள். பச்சை மரவள்ளித் தோலைக் கொட்டகைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதில் சயனைடு இருக்கிறது.

கே: கேழ்வரகு? (தேன்கனிக்கோட்டை)

ப: தாராளமாக, மக்காச்சோளத்தில் பாதி வரை. அரைத்துப் போடுங்கள், முழுசாகப் போட்டால் சாணத்தில் அப்படியே வரும். லைசின் இதிலும் குறைவு.

கே: ஓட்டல் மிச்சம் மட்டும் போதுமா? (ஓசூர்)

ப: போதாது. முக்கால் பங்கு தண்ணீர், சத்தும் நாளுக்கு நாள் மாறும். அதோடு, 2020-இல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்த வழியாகவும் பரவும். பன்றி இறைச்சி கலந்த மிச்சம் வேண்டவே வேண்டாம். மற்றதை அரை மணி நேரமாவது கொதிக்க வையுங்கள்.

கே: லைசின் தூளை எப்படிக் கலப்பது? (ராயக்கோட்டை)

ப: முதலில் பத்துக் கிலோ அரைத்த மக்காச்சோளத்தில் நன்றாகக் கலந்து, பிறகு மொத்தத்தோடு சேருங்கள். கைப்பிடிக் கணக்கு வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், தராசில் நிறுத்துப் போடுங்கள்.