டிஎம்இசட் சுற்றுலா போனால் பிரிந்த கொரியா புரிந்துவிடுமா?

வட கொரியாவிலிருந்து தப்பி வந்தவர்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள, இரு கொரியாக்களுக்கும் நடுவே இருக்கும் ராணுவமற்ற எல்லைப் பகுதியான டிஎம்இசட்டுக்குச் சுற்றுலா போனால் மட்டும் போதுமா, வேறு எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றுலாவுக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் அதற்கு அரை நாள் கொடுத்தால் தென் கொரியாவின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் சொக்சோ ஊருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

சியோலில் காலையில் பஸ்ஸில் ஏற்றிக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டை மறக்கக் கூடாது. வட கொரியா எல்லைக்கு அடியில் ரகசியமாகத் தோண்டி, 1978-ல் தெற்கு கண்டுபிடித்த மூன்றாவது சுரங்கம், டோரா குன்றின் மேலிருக்கும் தொலைநோக்கிகள் என்று வேகவேகமாகக் காட்டிவிடுவார்கள். சுரங்கம் எனக்குப் பெரிதாக எதையும் சொல்லவில்லை. தொலைநோக்கியில் எல்லைக்கு அந்தப் பக்கத்து வயல்களைப் பார்த்தபோது, மனிதர்கள் வாழும் ஊரை வேடிக்கை பார்க்கிறோமே என்று கூச்சமாக இருந்தது.

என்னால் நகர முடியாமல் போன இடம், எல்லைக்கு அருகே இருக்கும் இம்ஜின்காக் பூங்கா. அங்கே வடக்கு நோக்கி ஒரு படையல் மேடை இருக்கிறது. கொரியப் போரில் தெற்கே வந்து ஊர் திரும்ப முடியாமல் போனவர்கள் புத்தாண்டுக்கும் சூசோக் என்ற அறுவடைத் திருநாளுக்கும் இங்கே கூடுகிறார்கள். பெற்றோர் கல்லறையில் செய்ய வேண்டிய வணக்கத்தை, போக முடியாத ஊரின் திசை பார்த்துச் செய்கிறார்கள். 1953-ல் போர் நின்றது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, இன்னும் திசையைத்தான் கும்பிடுகிறார்கள்.

எங்கள் பஸ்ஸில் வடக்கிலிருந்து வந்த ஒரு பெண்மணியும் இருந்தார். சில சுற்றுலாக்களில் இப்படி ஒருவரைப் பேச அழைத்து வருவார்கள். விசாரித்து அப்படிப்பட்டதையே எடுங்கள். கம்பி வேலியை எப்படித் தாண்டினீர்கள் என்று ஒருவர் கேட்டார். நானும் அதையே கேட்கத்தான் இருந்தேன். இந்த வழியாக வருபவர்கள் மிக அபூர்வம் என்றார் அவர். வடக்கே தூமன் ஆற்றையோ யாலு ஆற்றையோ கடந்து சீனாவுக்குள் போக வேண்டும். அங்கே பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒளிந்து ஒளிந்து லாவோஸ், தாய்லாந்து என்று சுற்றித்தான் சியோல் வர முடியும். நாங்கள் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வேலிக்கும் அவர் நடந்த வழிக்கும் சம்பந்தமே இல்லை.

இதுவரை தெற்கே வந்தவர்கள் சுமார் 34,000 பேர். பெரும்பாலோர் பெண்கள். 2009-ல் மட்டும் 2,900-க்கு மேல் வந்தார்கள். கொரோனாவில் எல்லையை அடைத்த பிறகு, 2021-ல் வெறும் 63 பேர். வந்தவர்களுக்கு ஹனாவோன் என்ற அரசு மையத்தில் சுமார் மூன்று மாதம் பயிற்சி. அதற்குப் பிறகும் மொழி இடித்தது என்றார் அந்தப் பெண்மணி. ஒரே கொரிய மொழிதான், ஆனால் தெற்கில் பாதிக்குப் பாதி ஆங்கிலம் கலந்திருக்கிறது. அவருடைய பேச்சைக் கேட்டு எந்த ஊர் என்று யாராவது கேட்டால், தெற்கிலேயே இருக்கும் காங்வோன் மாகாணம் என்று பல வருடம் பொய் சொன்னாராம். தாய்மொழியைப் பேசும் நாட்டிலேயே ஊர்ப் பெயரை மறைக்க வேண்டியிருந்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

சியோலில் போர் நினைவகமும் பாருங்கள். வாசலில் தென் கொரிய அதிகாரியான அண்ணனும் வட கொரியச் சிப்பாயான தம்பியும் கட்டிப்பிடித்து நிற்கும் சிலை இருக்கிறது. போர்க்கைதிகளில் எந்தக் கொரியாவும் வேண்டாம் என்ற 76 கொரியர்களும் 12 சீனர்களும் 1954-ல் இந்தியாவுக்குக் கப்பலேறிய கதையை அந்தச் சிலைக்கு முன்னால் நின்று நினைத்துக்கொண்டேன். ஊர் திரும்ப மறுத்த அந்தக் கைதிகளைக் காவல் காத்தது நம் இந்திய ராணுவம்தான்.

கிளம்பும் முன் வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். 1983-ல் கேபிஎஸ் தொலைக்காட்சி நடத்திய, போரில் பிரிந்த குடும்பங்களைத் தேடும் நேரலை. 138 நாள் ஓடியது. 10,189 குடும்பங்கள் சேர்ந்தன. இத்தனைக்கும் தெற்குக்குள்ளேயே ஒருவரையொருவர் தொலைத்தவர்கள்தான் பெரும்பாலும்.

சரி, சொக்சோ. கொரியாவை இரண்டாகப் பிரித்து 1945-ல் போட்ட கோட்டுக்கு வடக்கே, போர் வரை வட கொரியாவில் இருந்த ஊர் இது. போரின்போது வட கொரியாவின் ஹாம்க்யோங் பகுதியிலிருந்து ஓடி வந்தவர்கள், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று நம்பி, இங்கே மணல்திட்டில் குடிசை போட்டார்கள். அதுதான் அபாய் கிராமம். அபாய் என்றால் அவர்கள் வட்டார வழக்கில் வயதான பெரியவர். கால்வாயைக் கடக்க, கம்பியைக் கையால் இழுத்துப் போகும் மிதவை இருக்கிறது. பயணிகளும் கொக்கி போட்டு இழுக்கலாம். அக்கரையில் கணவாய் மீனுக்குள் அரிசியும் காய்கறியும் அடைத்து விற்கிறார்கள். நான் சாப்பிட்ட கடையின் அம்மா அங்கேயே பிறந்தவர். அவருடைய அப்பா கடைசி வரை அந்த மண்ணில் நல்ல வீடு கட்டவே சம்மதிக்கவில்லையாம். ஊருக்குப் போகத்தானே போகிறோம், எதற்கு என்பாராம்.

சியோலிலிருந்து பஸ்ஸில் சுமார் இரண்டரை மணி நேரம். காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.