குழம்பில் பச்சை வாடை ஏன்?

கேள்வி: வணக்கம் ஆச்சி. காரைக்குடியில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். சோறு வடிக்க மட்டும் தெரியும். புளிக்குழம்பு வைத்தால் பச்சை வாடை அடிக்கிறது, வெங்காயம் வேகாமல் நறுக்நறுக்கென்று நிற்கிறது. அம்மா கொடுத்துவிட்ட குழம்புப்பொடியைத்தான் போடுகிறேன். கல்பாசி, மராத்தி மொக்கு சேர்த்தால் சரியாகுமா? எதிலிருந்து பழகுவது?

பதில்: தம்பி, கல்பாசியும் மராத்தி மொக்கும் இப்போதைக்கு டப்பாவிலேயே இருக்கட்டும். அவை கறிக்கும் கோழிக்கும் ஆகும், இந்தக் குழம்புக்கு வேண்டாம். அம்மாவின் பொடியிலும் குறை இருக்காது. நீங்கள் ஒன்று வேகும் முன்னே அடுத்ததைப் போட்டுவிடுகிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. கொஞ்ச நாளைக்குப் பூண்டு வெங்காயக் குழம்பு ஒன்றையே திரும்பத் திரும்ப வையுங்கள்.

இரண்டு வேளைக்கு எலுமிச்சை அளவு புளி போதும். வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஒன்றரை டம்ளர் வருமாறு கரைத்து வடிகட்டுங்கள். சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல், தக்காளி ஒன்று. வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுவைத்தால் தோல் சுலபமாக வரும்.

நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி ஊற்றுங்கள். இதில் கஞ்சம் பிடித்தால் வதங்காமல் அடிப்பிடிக்கும். கடுகு அரை தேக்கரண்டி போட்டு, வெடித்து அடங்கியதும் வெந்தயம் கால், சோம்பு அரை தேக்கரண்டி, கறிவேப்பிலை. வெந்தயம் சிவந்தால் போதும். கறுத்துவிட்டால் குழம்பு முழுக்கக் கசக்கும், அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தாளியுங்கள்.

அடுத்து பூண்டும் வெங்காயமும். மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம், பூண்டைக் கரண்டியால் அழுத்தினால் நசுங்கும்வரை வதக்குங்கள். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். புளிப்பு சேர்ந்தபின் காய் சீக்கிரம் மசியாது. உங்கள் வெங்காயம் நறுக்கென்று நின்றதற்குக் காரணம் அதுதான். தக்காளியும் இதே போல் கரைய வதங்க வேண்டும்.

பிறகு தீயை நன்றாகக் குறைத்து, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, குழம்புப்பொடி இரண்டு தேக்கரண்டி போட்டு அரை நிமிடம் பிரட்டுங்கள். பொடி எண்ணெயில் வறுபட்டால்தான் அதன் பச்சை வாடை போகும். தீ கூடினால் நொடியில் கருகிவிடும், அதனால் புளிக்கரைசலைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கரைசலை ஊற்றி உப்பு முக்கால் தேக்கரண்டி மட்டும் போடுங்கள். குழம்பு வற்ற வற்ற உப்பு ஏறும், மீதியைக் கடைசியில் ருசி பார்த்துச் சேர்க்கலாம். மூடாமல் கால் மணி நேரம் கொதிக்கட்டும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுங்கினால் புளி வெந்துவிட்டது. தண்ணீராக இருக்கிறதே என்று மாவு கரைத்து ஊற்றாதீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் வற்றவிட்டால் தானே கெட்டியாகும். புளிப்பு தூக்கலாகத் தெரிந்தால் சிறு துண்டு வெல்லம் போடுங்கள்.

இது கைவந்ததும் வெண்டைக்காய் மண்டி என்னும் செட்டிநாட்டுக் குழம்பை வைத்துப் பழகுங்கள். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைத்துக்கொண்டால் குழம்பு அதிலேயே கெட்டிப்படும். வெண்டைக்காயை முழுசாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டுக் கழுவினால் கொழகொழப்பு கூடிவிடும், வதக்கினாலும் சீக்கிரம் போகாது.