ஒலுவில் துறைமுகத்துக்கு ஏன் சரக்குக் கப்பல் வருவதில்லை?

கப்பல் கம்பனி துறைமுகத்தைப் பார்த்து வராது, சரக்கைப் பார்த்துத்தான் வரும். ஒலுவில் இருக்கும் இலங்கையின் கிழக்குக்கரை மாவட்டமான அம்பாறையின் முக்கிய விளைச்சல் நெல்; அது லொறியேறி உள்நாட்டுச் சந்தைக்கே போய்விடுகிறது. வடக்கே திருகோணமலையில் இயற்கையாகவே ஆழமான துறையும் இருக்கிறது.

டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த ஒலுவிலுக்குப் பெரிய செலவு மணல்தான். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அலைதடுப்பு அதை மறித்ததும் துறைமுக வாயில் தூர்ந்தது. மணல் வரத்து நின்ற வடபக்கத்தில் கடல் தென்னைகளை வேரோடு சாய்த்தது. தோண்டத் தோண்ட மணல் சேரும். அந்தச் செலவைக் கப்பல் கட்டணம்தான் ஈடுகட்ட வேண்டும், கப்பலோ இல்லை. மீன்பிடிப் படகுகளே அந்த வாயிலில் சிக்கித் தவித்தன.

தோண்டும் மணலை வடகரையில் கொட்டும் செலவை முதல் நாளே திட்டக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். அதைச் சுமந்தது கரையோர மக்கள்.