எந்தக் காமாலை? கேள்வி பதில்

மஞ்சள் காமாலை, கல்லீரல் நோய் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் பொது மருத்துவம் படித்து, அரசு மருத்துவமனையில் கல்லீரல் நோயாளிகளைப் பார்ப்பவன். கேட்டவர்களின் பெயர், ஊர் எல்லாம் எடுத்துவிட்டேன். "காமாலைக்கு என்ன மருந்து?" என்று மட்டும் கேட்டவர்கள் நிறைய. காமாலை ஒரு நோயின் பெயர் இல்லை, பல நோய்களின் அடையாளம். அதனால் அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் காமாலை?

கேள்வி: ஹாஸ்டலில் படிக்கும் மகனுக்கு ஒரு வாரம் காய்ச்சல், வாந்தி. இப்போது கண் மஞ்சள். பிலிருபின் 8.2, கல்லீரல் வீக்கத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. சோதனை 1,400. ஹெபடைட்டிஸ் ஏ என்றார்கள். பெரிதாக மருந்து எதுவும் தராமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பயமாக இருக்கிறது டாக்டர்.

அனுப்பியது சரிதான் அம்மா. இரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாளில் ஆயுள் முடிந்து உடையும். அதில் வரும் மஞ்சள் நிறமிதான் பிலிருபின். கல்லீரல் அதைப் பக்குவப்படுத்திப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பிவிடும். கல்லீரல் வீங்கியிருக்கும்போது அந்த வேலை தடைபட்டு, நிறமி இரத்தத்திலேயே தேங்குகிறது. 1-க்குள் இருக்க வேண்டிய பிலிருபின் 3-ஐ நெருங்கினால் கண்ணில் தெரிந்துவிடும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவதும் இதனால்தான்.

ஹெபடைட்டிஸ் என்றால் கல்லீரல் வீக்கம். அதில் ஏ என்பது கெட்ட தண்ணீர், கெட்ட உணவு வழியாகக் கிருமியால் வருவது. கிருமி உள்ளே போய் இரண்டிலிருந்து ஏழு வாரம் கழித்துத்தான் நோய் தெரியும். அதனால் நேற்று சாப்பிட்ட பானிபூரியைத் திட்ட வேண்டாம். இதற்குக் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது, தேவையும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு உடம்பே சில வாரங்களில் சரிசெய்துவிடும். கண் மஞ்சளாகும் சமயத்தில் காய்ச்சல் விட்டு, பசி எடுக்க ஆரம்பித்தால் நல்ல அறிகுறி.

எல்லோரும் பிலிருபின் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஐ.என்.ஆர்., அதாவது இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண். இரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்வது கல்லீரல்தான். அந்த வேலை கெட்டால் ஐ.என்.ஆர். ஏறும். அது 1.5-ஐத் தொட்டால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பையன் பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருந்தாலும், பேச்சு குழறினாலும், சம்பந்தமில்லாமல் பேசினாலும், ஈறில் இரத்தம் கசிந்தாலும், குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்காவிட்டாலும் அன்றைக்கே கூட்டிப்போங்கள். காய்ச்சலுக்கு என்று பாரசிட்டமால் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: உப்பு, எண்ணெய் இல்லாமல் கஞ்சி மட்டும்தான் தர வேண்டுமாமே?

இந்தப் பத்தியத்தோடு எனக்குப் பல வருடச் சண்டை. கிருமிக் காமாலையில் உப்பை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. வாந்தி எடுத்து உப்பெல்லாம் வெளியே போன பிள்ளைக்கு உப்பில்லாக் கஞ்சி கொடுத்தால் இன்னும் சோர்ந்துதான் போவான். எண்ணெயில் பொரித்ததைப் பார்த்தாலே குமட்டும் என்பதால் ஆரம்பத்தில் அவனே ஒதுக்குவான். அதற்காகத் தாளிக்கக்கூடக் கூடாது என்று இல்லை. இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், பருப்பு, மோர், வேகவைத்த முட்டை என்று அவனுக்குப் பிடிக்கிறதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். காலையில் பசி நன்றாக இருக்கும், சாயங்காலம் குமட்டும். அதனால் காலைச் சாப்பாட்டை வயிறாரக் கொடுத்துவிடுங்கள். சமையலில் மஞ்சள் தூள் போடுவதால் காமாலை கூடிவிடாது.

கேள்வி: கரும்புச்சாறு?

சுத்தமாகப் பிழிந்தால் குடிக்கலாம், மருந்து இல்லை. ஈ மொய்க்கும் வண்டியில், எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ் போட்டுக் குடிப்பது காமாலையை வாங்கி வருகிற வழி. சர்க்கரை நோய் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கீழாநெல்லியைப் பற்றி நேராகச் சொல்லுங்கள் சார். எங்கள் தாத்தா காலத்திலிருந்து கொடுக்கிறோம், எல்லோருக்கும் சரியாகியிருக்கிறது.

நேராகவே சொல்கிறேன். கீழாநெல்லியை அலோபதிக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது உண்மை இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழு இதை ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கிய பாரூக் பிளம்பெர்க்கும் அந்த ஆய்வில் உண்டு. 1988-இல் 'லான்செட்' இதழில் வெளியானது: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கதை அங்கேயே நிற்கிறது.

சரி, தாத்தா கொடுத்தவர்களுக்கு எப்படிச் சரியாயிற்று? அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வந்தது தானாக ஆறும் காமாலையாக இருந்திருக்கும். கீழாநெல்லிக்குக் கிடைத்த பெயர் அப்படி வந்தது. ஒரு பிடி இலையை மோரில் அரைத்துக் குடிப்பதை நான் பெரிய குற்றமாகப் பார்ப்பதில்லை. என்ன என்று தெரியாத வேர், சூரணம், பல மூலிகைகள் கலந்த லேகியம் என்றால் வேண்டாம். மூலிகையாலும் கல்லீரல் கெடும். கொரோனா சமயத்தில் சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். பித்தக் குழாயில் கல் அடைத்து வந்த காமாலைக்கு மூன்று வாரம் இலை அரைத்துக் கொடுத்து, சீழ் பிடித்துக் கொண்டுவருவதுதான் எனக்குத் தாங்காத விஷயம்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. வலியே இல்லை, காய்ச்சல் இல்லை. கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துப் போகிறது. வலி இல்லாததால் காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள் தம்பி. மலத்துக்கு நிறம் கொடுப்பதே பித்தம்தான். அது வெளுத்துவிட்டது என்றால் பித்தம் குடலுக்கு வரவில்லை, வழியில் ஏதோ அடைக்கிறது. கல்லாக இருக்கலாம். இந்த வயதில், வலியே இல்லாமல், எடையும் குறைந்திருந்தால் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே அல்ட்ராசவுண்ட். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

கேள்வி: தங்கை எட்டு மாதக் கர்ப்பம். லேசாகக் கண் மஞ்சள். மாமியார் வீட்டில் "பித்தம் கூடியிருக்கும்" என்கிறார்கள்.

இதைப் படித்ததும் அழைத்துக்கொண்டு போங்கள். பிரசவம் பார்க்கும் வசதியோடு தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கிற மருத்துவமனைக்கு. ஹெபடைட்டிஸ் ஈ என்ற கிருமியும் தண்ணீர் வழியாக வருவதுதான். மற்றவர்களுக்கு ஏ மாதிரியே வந்து போய்விடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் ஐந்தில் ஒருவர் வரை இறந்துபோகிறார்கள். 1955-56-இல் டெல்லியில் யமுனையின் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது இந்தக் கிருமியால்தான். அப்போது அதற்குப் பெயர்கூட இல்லை. கர்ப்பத்தாலேயே வரும் கல்லீரல் கோளாறுகளும் உண்டு. எதுவானாலும் வீட்டில் வைத்துப் பார்க்கிற காமாலை இல்லை இது. வீட்டில் மற்றவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். குமிழி வந்ததும் இறக்காமல், தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும்.

கேள்வி: பிறந்து நாலாம் நாள், குழந்தை மஞ்சளாக இருக்கிறது. காலை வெயிலில் காட்டினால் போதும் என்கிறார் பாட்டி.

பாட்டி சொல்வதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1950-களில் இங்கிலாந்தில் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் ஒரு செவிலியர், வெயில் பட்ட இடத்தில் மட்டும் குழந்தையின் தோல் வெளுத்திருப்பதைக் கவனித்தார். பிறந்த குழந்தைகளின் காமாலைக்கு இப்போது தரும் நீல விளக்குச் சிகிச்சை அங்கே தொடங்கியதுதான். ஆனால் விளக்கின் அளவை நாம் கூட்டிக் குறைக்கலாம், வெயிலை முடியாது. பிள்ளைக்குச் சூடு தாக்கும், அல்லது உடம்பு குளிர்ந்துபோகும். இரண்டாம், மூன்றாம் நாள் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் மறைகிற மஞ்சள் பெரும்பாலும் இயல்பானது. அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள், சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் வந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலும், பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் உடனே காட்டுங்கள். அளவு மீறினால் மூளையைத் தாக்கும். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாமல் மலம் வெள்ளையாக இருந்தால் பித்தக் குழாய் அடைப்பு இருக்கலாம். அதற்கான அறுவை 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம்.

கேள்வி: வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோது ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது என்றார்கள். காமாலையே வந்ததில்லை. வீட்டில் என் தட்டைத் தனியாக வைக்கிறார்கள்.

தட்டைத் தனியாக வைக்க வேண்டியதில்லை என்று அவர்களிடம் இதைக் காட்டுங்கள் தம்பி. சேர்ந்து சாப்பிடுவதாலோ, குழந்தையைத் தூக்குவதாலோ இது பரவாது. இரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு: இவைதான் வழி. ரேஸர், டூத் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும். பிறக்கும்போது தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இது நிரந்தரமாகத் தங்கும், காமாலை காட்டாது. பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடுவது இதனால்தான். மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் சோதித்து, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். உங்களுக்கு வைரஸின் அளவைப் பார்த்து மாத்திரை வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். ஹெபடைட்டிஸுக்காக 2018-இல் தொடங்கிய தேசிய திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். ஹெபடைட்டிஸ் சி என்றால் இன்னும் நல்ல செய்தி, பெரும்பாலும் 12 வார மாத்திரையில் அடியோடு போய்விடும்.

கேள்வி: கணவர் குடிப்பவர். வயிறு வீங்கி நீர் எடுத்தார்கள். ஊரே உப்பைப் பற்றிப் பேசுகிறது, நீங்கள் உப்பு போடலாம் என்கிறீர்களே?

அது உங்கள் கணவருக்குச் சொன்னதில்லை அம்மா. கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவருக்கு உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்ஸர் வீட்டிலேயே இருக்கக் கூடாது. ஆனால் முட்டை, பருப்பு, தயிரை நிறுத்திவிடாதீர்கள். கை கால் குச்சியாகி வயிறு மட்டும் பெரிதாகத் தெரிவது சதை கரைவதால். எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தினமும் வேண்டும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் ஒன்பது வரை பட்டினி கிடப்பது அவருக்கு ஆகாது. படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் இரண்டு இட்லியும் கொடுங்கள். மலம் இரண்டு நாள் போகவில்லை என்றாலும், தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலும், இரத்த வாந்தி என்றாலும் ஆஸ்பத்திரிதான். குடியை நிறுத்தாமல் வேறு எதைச் செய்தும் பயன் இல்லை. திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம் என்பதால் மருத்துவர் பார்வையில் நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: பிலிருபின் எப்போதும் 1.8, 2. மற்ற எல்லாம் நார்மல். விரதம் இருந்தால் கண் லேசாக மஞ்சளாகிறது.

கில்பர்ட் என்ற பிறவி இயல்பாக இருக்கும். இரத்தச் சிவப்பணுக்கள் அதிகமாக உடைகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்றால் மறந்துவிடுங்கள். வருடா வருடம் டெஸ்ட் எடுத்துக் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: எலிக்கு வைத்த பசையைக் குழந்தை நக்கிவிட்டது. வாந்தி எடுத்தாள், இப்போது நன்றாக விளையாடுகிறாள். போக வேண்டுமா?

இப்போதே. அந்தப் பசைகளில் சிலவற்றில் மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கும். முதல் நாள் வாந்தி, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒன்றிரண்டு நாள், அதன் பிறகு கல்லீரல் செயலிழக்கும். பசையின் டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர் காமாலைக்கு மந்திரித்து, கையில் ஏதோ தடவிக் கழுவுவார். மஞ்சள் தண்ணீராக இறங்குகிறது. கண்ணால் பார்த்தேன் சார். கையில் சூடும் வைப்பார்.

சூடு வைக்க விடாதீர்கள். இரத்தம் உறையாத நிலையில் இருப்பவருக்குப் புண் ஆறாமல் சீழ் பிடித்து, வந்த காமாலையைவிட அது பெரிய தொந்தரவாகும். மஞ்சள் தண்ணீர் விஷயம் சுலபம். மாம்பட்டைச் சாற்றைக் கையில் தடவிச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினால் மஞ்சளாகத்தான் வரும். அடுத்த முறை போகும்போது, காமாலை இல்லாத உங்கள் கையை நீட்டிப் பாருங்கள்.