வீட்டு நாஸில் ஆறு வருடப் பழைய ஹார்ட் டிஸ்க்குகளை, பழுதாகும் முன்பே மாற்ற வேண்டுமா?

கேள்வி கேட்டவரின் நிலவரம் இது: நான்கு டிஸ்க் போடும் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருடைய கோப்புகளையும் சேமிக்கும் பெட்டி), ஒவ்வொரு டிஸ்க்கும் 4 டிபி, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் மற்ற மூன்றை வைத்து எல்லாவற்றையும் மீட்கும் அமைப்பு). 2019-இல் வாங்கியதிலிருந்து இரவு பகலாக ஓடுகிறது. இதுவரை ஒரு எச்சரிக்கையும் வந்ததில்லை. "நல்லா ஓடுற டிஸ்க்கை எதுக்குக் கழட்டணும்?" என்று கேட்கிறார்.

கழற்றத்தான் வேண்டும். ஆனால் கழற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் ஒரு முழு நகல் அந்தப் பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் இருந்ததும் உங்களுடையதைப் போன்ற பெட்டிதான். 2017-இல் ஒரே கடையில், ஒரே நாளில் நான்கு டிஸ்க்கும் வாங்கினேன். சீரியல் நம்பர்கள்கூட ஏறக்குறைய அடுத்தடுத்து இருந்தன. 2023 ஜூலையில் மூன்றாவது டிஸ்க்கின் ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) 197-ஆம் வரி, அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களின் (டிஸ்க்கின் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை, 8 என்று காட்டியது. சம்பளம் வந்ததும் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து நடு இரவில் பெட்டி பீப் அடிக்க ஆரம்பித்தது. மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்து மாட்டி, சாயங்காலம் ரீபில்டை, அதாவது மற்ற டிஸ்க்குகளைப் படித்துப் புது டிஸ்க்கை நிரப்பும் வேலையை, தொடங்கினேன்.

அறுபது சதவீதம் தாண்டியபோது முதல் டிஸ்க்கிலிருந்து சத்தம் வந்தது. டிக், சின்ன இடைவெளி, மறுபடி டிக். ட்ரே மேல் விரலை வைத்தால் அந்தத் துடிப்பு தெரிந்தது. விடிவதற்குள் வால்யூம், அதாவது நான்கு டிஸ்க்கும் சேர்ந்த சேமிப்பிடம், மொத்தமும் போய்விட்டது. முந்தின வாரம்வரை அந்த முதல் டிஸ்க்கின் ஸ்மார்ட் பட்டியலில் எல்லாம் பூஜ்யம்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், வீட்டு நாஸில் இருக்கும் கோப்புகளில் பெரும்பகுதியை நாம் வருடக்கணக்கில் தொடுவதே இல்லை. 2012 ஊட்டிப் பயணப் படங்கள் இருக்கும் செக்டார் கெட்டுப்போயிருந்தாலும், யாராவது படிக்கும்வரை டிஸ்க்குக்கே அது தெரியாது. ரீபில்ட் என்றால் மிச்சமுள்ள மூன்று டிஸ்க்கையும் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார்வரை படித்தாக வேண்டும். உங்கள் கணக்கில் அது 12 டிபி. மூன்றையும் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றையும் நொடிக்கு 120 எம்பி வேகத்தில் படித்தாலே 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் வீட்டில் யாராவது படம் பார்த்தால் இன்னும் நீளும். வயதான டிஸ்க்குகளுக்கு அதைவிடக் கடினமான நாள் வேறில்லை. அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க் தடுமாறினால் ரெய்டு 5-இல் கைகொடுக்க எதுவும் மிச்சமில்லை.

யூஎஸ்பி டிஸ்க்கில் ஒரு பேக்கப் இருந்தது, ஆனால் அது மார்ச் மாதத்தோடு நின்றிருந்தது. ஏப்ரலிலிருந்து ஜூலைவரை போனது போனதுதான். அதில் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள் படங்களும் அடக்கம். போனில் இடமில்லை என்று, நாஸில் ஏற்றிய கையோடு அங்கே அழித்திருந்தேன். "போட்டோ எல்லாம் பெட்டியிலதானப்பா இருக்கு?" என்று அம்மா கேட்டபோது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. இன்று எங்களிடம் இருப்பவை வாட்ஸ்அப்பில் சித்தி அனுப்பிய, அளவு சுருங்கிய பதினோரு படங்கள்.

எச்சரிக்கை வரவில்லையே என்பதை நம்பாதீர்கள். கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுதானவற்றில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, வெப்பநிலையை விட்டுவிட்டுப் பார்த்தால், எந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டாமலேயே போயிருந்தன. அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது: முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் பின்னணியில் தன் பரப்பைச் சோதிக்கும்போது தெரியும் பிழை) வந்த டிஸ்க், பிழை வராத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு. பட்டியல் சுத்தமாக இருப்பதால் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. ஆனால் 5 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார்), 197, 198 (திருத்த முடியாத செக்டார்) ஆகிய வரிகளில் ஏதாவது ஒன்றில் எண் ஏற ஆரம்பித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் அல்லது இணைப்புக் கோளாறு. அதற்காக டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். 9-ஆம் வரி ஓடிய மணி நேரம். வருடத்துக்கு 8,760 மணி, ஆறு வருடத்துக்கு 52,560. உங்களுடையது இந்நேரம் அந்தப் பக்கம் இருக்கும்.

இனி வாங்கும் விஷயம். நாஸுக்கு சிஎம்ஆர் வகை டிஸ்க் (எழுதும் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத வகை) மட்டும் வாங்குங்கள். எஸ்எம்ஆர் வகையில், ஓட்டு வீட்டில் ஒரு ஓட்டின் விளிம்பு மேல் அடுத்த ஓடு ஏறி உட்கார்வதுபோல, எழுதும் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு இடத்தைத் திருத்தி எழுத, பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டியிருப்பதால் ரீபில்ட் நாள்கணக்கில் இழுக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. சீகேட்டின் அயன்வுல்ஃப் முழுக்க சிஎம்ஆர்.

நான்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதீர்கள். இரண்டு கடை, அல்லது இரண்டு மாத இடைவெளி. பணம் கொடுப்பதற்கு முன் சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, இந்தியாவில் வாரன்டி உண்டா, எதுவரை என்று கடையிலேயே நின்று பாருங்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கை அழித்துப் புதிது என்று விற்றது அம்பலமானது. டிஸ்க்குக்குள் ஃபார்ம் என்று தனியாக இருக்கும் இன்னொரு பதிவுதான் காட்டிக்கொடுத்தது. புது டிஸ்க்கை மாட்டும் முன் அதையும் பாருங்கள். கூடவே எக்ஸ்டெண்டட் டெஸ்ட் (டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும் சோதனை) ஒன்று ஓட்டிவிடுங்கள். 8 டிபி டிஸ்க்குக்கு அரை நாளுக்கு மேல் ஆகும், பரவாயில்லை.

மாற்றும்போது நான் இப்போது செய்வது: முதலில் முழு பேக்கப். எடுத்ததும் அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்ப்பேன். அடுத்து பழைய டிஸ்க்குகள் மீதே டேட்டா ஸ்க்ரப்பிங், அதாவது எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்க்கும் வேலை. ஒளிந்திருக்கும் கெட்ட செக்டார்கள், நான்கும் உயிரோடு இருக்கும்போதே வெளியே வந்துவிடும், பாரிட்டியை (ரெய்டு சேர்த்து எழுதிவைக்கும் மீட்புக் கணக்கை) வைத்துச் சரிசெய்யவும் முடியும். அதன்பின் ஒவ்வொரு ட்ரேயிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்தை எழுதுவேன். அவசரத்தில் மூன்றாவதுக்குப் பதில் இரண்டாவதை உருவி, இருந்ததையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். மென்பொருளில் அந்த டிஸ்க்கை நிறுத்திய பிறகே கையை வைப்பேன். இருப்பதில் மோசமானது முதலில். ஒன்று முடிந்து, பெட்டி நல்ல நிலை என்று காட்டிய பிறகே அடுத்தது.

பெட்டியில் ஒரு ட்ரே காலியாக இருப்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி உண்டு. புது டிஸ்க்கை அதில் போட்டு, பழையது உள்ளே இருக்கும்போதே மாற்றச் சொல்லலாம். சினாலஜி நாஸ்களின் டிஎஸ்எம் 7 மென்பொருளில் இந்த வசதி இருக்கிறது. மாற்றம் முடியும்வரை ரெய்டின் பாதுகாப்பு ஒரு கணமும் போகாது. உங்கள் நான்கு ட்ரேயும் நிரம்பியிருப்பதால் உங்களுக்கு இது கிடைக்காது. அதனால்தான் பேக்கப்பை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

4-க்குப் பதில் 8 டிபி போடுகிறீர்கள் என்றால், நான்கையும் மாற்றி முடிக்கும்வரை ரெய்டு 5-இல் இடம் கூடாது. கடைசியில் ஒவ்வொன்றும் 7.27 என்றுதான் காட்டும். எண்ணும் முறை வேறு, டிஸ்க்கில் குறையில்லை. ரீபில்ட் நடக்கும் நாளில் பராமரிப்பு மின்தடை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

பேக்கப் அதே வீட்டில் இருந்தாலும் போதாது. நான் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் பீரோ, கம்ப்யூட்டர், ஆல்பம் எல்லாம் சேர்ந்தே மூழ்கின. இப்போது என் இரண்டாவது நகல் திருச்சியில் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதிதாக எழுதியதைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருகிறேன். நாஸிலிருந்து கழற்றியவற்றில் டெஸ்ட்டில் தேறிய இரண்டு டிஸ்க்குகளைத்தான் இதற்கு வைத்திருக்கிறேன். தேறாதவற்றை முழுக்க அழித்து, தகட்டில் துளை போட்ட பிறகே காயலான் கடைக்குக் கொடுத்தேன்.

உங்கள் நான்கு டிஸ்க்கின் 5, 9, 197, 198 எண்களைக் கீழே கருத்தில் போடுங்கள். எதை முதலில் கழற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். பேக்கப்பை மட்டும் அதற்குள், இன்று ராத்திரியே தொடங்கிவிடுங்கள்.